காலித் தீப்பெட்டியும் நம் சிரிப்பும்



ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். பேருந்தை விட்டு இறங்கியதும் எல்லாரும் சீட்டைக் கசக்கி எறிய, அவர் மட்டும் அதை நீவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கலியாண வீட்டில் எல்லாரும் பந்திக்கு முந்த, அவர் சோடாப் புட்டியின் மூடியைத் தேடிக் குனிவார். பழைய பேனா, ஓடாத கெடிகாரம், செல்லாக் காசு, சட்டைப் பொத்தான், தீப்பெட்டிப் படம் என்று ஏதாவது ஒன்றை ஆண்டுக்கணக்காய்ச் சேர்த்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். வீட்டார் அதைக் குப்பை என்பார்கள். அயலார் அவரைக் கொஞ்சம் கழன்ற ஆள் என்பார்கள். பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பார்கள்.

இவர்களைக் கண்டு நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது? கள்ளமற்ற வேடிக்கைதானா? அல்லது சர்வேசுரனுடைய சந்நிதியில் கணக்குக் கொடுக்கவேண்டிய காரியமா? இந்த வாரம் இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம். இவ்வளவு அற்பமான விஷயத்துக்கு ஓர் ஆராய்ச்சியா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் அது அற்பமாகத்தான் தோன்றிற்று. அப்படியல்லவென்று நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் நான் வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். அங்கே எழுபது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் நாள் தவறாமல் காலைப் பூசைக்கு வருவார். பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தேநீர்க் கடை வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும், திருநாள் சமயங்களில் சப்பரம் போன தெருக்களிலும் கிடக்கும் காலித் தீப்பெட்டிகளைப் பொறுக்குவார். வீட்டுக்குப் போய், முகப்பில் ஒட்டிய படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் உரித்து, நிழலில் உலர்த்தி நோட்டில் ஒட்டுவார். படத்தைத் தனியாக ஒட்டாமல் அட்டையிலேயே அச்சடித்துவரும் பெட்டியானால் அட்டையைக் கத்தரித்து ஒட்டுவார்.

அவ்வாண்டு பாதுகாவலர் திருநாள் அசனத்தின்போது அவர் என் அருகில் வந்து, “சாமி, தேர் இழுக்க வெளியூர்ச் சனம் வந்துச்சுல்ல. புதுசா மூணு படம் கெடச்சிருக்கு. ஒருநா நோட்டைக் கொண்டாந்து காட்டட்டுமா?” என்றார். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. “தாராளமாய்க் கொண்டு வாருங்கள், ஐயா. மோட்சத்தில் மின்சாரம் நின்றுபோனால் அர்ச். இராயப்பர் உங்களைத்தான் தேடுவார். ஆனால் உங்கள் பெட்டியில் குச்சி இருக்காதே!” என்றேன். பந்தி முழுதும் சிரித்தது. அவரும் சிரித்தார்.

நோட்டை அவர் கொண்டுவரவில்லை. பூசைக்கு வருவதை நிறுத்தவில்லை. திவ்விய நன்மை வாங்குவதையும் நிறுத்தவில்லை. நோட்டைப்பற்றி மட்டும் அதன்பின் வாய் திறக்கவில்லை. நானோ அதைக் கவனிக்கவுமில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே தெருச் சிறுவர்கள் அவருக்குக் “குச்சியில்லாத் தாத்தா” என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நானே.

மீதிக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

சிரிப்பு பாவமா? இல்லை. வேதசாஸ்திரிகளில் தலைவரான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் அளவோடு கூடிய விளையாட்டையும் வேடிக்கைப் பேச்சையும் புண்ணியத்தின் வரிசையிலேயே வைக்கிறார். தானும் சிரியாமல், பிறர் சிரித்தாலும் முகம் சுளிக்கிறவனிடத்தில் குறை உண்டென்றும் சொல்லுகிறார். ஆகையால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் பக்தி என்று யாரும் எண்ணவேண்டாம்.

ஆனால் அதே ஆசிரியர் பரிகாசத்தைத் தனியாய் எடுத்து ஆராய்கிறார். அங்கே அவர் சொல்லும் நியாயம் நம்மைத் திடுக்கிட வைக்கும். ஒருவனுடைய சிறு குறையைப் பிரியத்தோடு தொட்டு விளையாடினால் அது அற்பமான குற்றமாய் இருக்கலாம். ஆனால் அவனைப் பொருட்படுத்தத் தக்கவனே அல்ல என்று எண்ணி, அவனை வெட்கப்படுத்தும்படி சிரித்தால், அது கனமான குற்றமாகும். நேருக்கு நேர் வசை பேசுவதைவிடக் கனமானதாகவும் ஆகலாம். ஏன்? வசை பேசுகிறவன் எதிராளியின் குறையையாவது பெரிய காரியமாக எடுத்துக்கொள்கிறான். பரிகசிக்கிறவனுக்கோ அவனும் விளையாட்டு, அவனுக்கு நேரும் நோவும் விளையாட்டு.

இதை வாசிக்கும்போது எனக்கு அந்த அசனப் பந்திதான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் அந்தப் பெரியவரைப் பகைத்தேனா? இல்லை. அவருக்குத் தீங்கு நினைத்தேனா? அதுவும் இல்லை. அவர் சொல்ல வந்ததைக் கேட்கத் தக்கதென்று நான் எண்ணவில்லை. அவ்வளவுதான். அந்த “அவ்வளவுதான்” என்பதிலே குற்றம் அடங்கியிருந்தது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். நாம் சிரிக்குமுன் மனத்துக்குள் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். “வேலையற்றவன்”, “கஞ்சன்”, “புத்தி பேதலித்தவன்” என்று தீர்மானித்த பிறகுதான் சிரிப்பு வருகிறது. போதிய அத்தாட்சி இல்லாமல் பிறர்மேல் தப்பெண்ணம் கொள்வது பாவமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அர்ச். தோமாஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கெட்டவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாந்தாலும் பரவாயில்லை. நல்லவனைக் கெட்டவனென்று எண்ணி எப்போதோ ஒருமுறை தவறுவது அதைவிடப் பொல்லாதது என்பது அவர் கருத்து. முன்னதில் ஏமாற்றம் நம்முடையது. பின்னதில் காயம் பிறனுடையது.

“ஆனால் சாமி, அதனால் என்ன பிரயோசனம்? அந்த நேரத்தில் ஒரு செபமாலை சொல்லலாமே, ஓர் ஏழைக்கு உதவலாமே?” என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் சுவிசேஷத்தில் இதைக் கேட்டவன் யாரென்று நினைத்துப் பாருங்கள். பெத்தானியாவில் லாசருவின் சகோதரி மரியம்மாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை நம் ஆண்டவருடைய பாதங்களில் பூசினாள். வீடெல்லாம் வாசனை. அங்கே இருந்தவர்களில் ஒருவன் மட்டும் உடனே கணக்குப் போட்டான். முந்நூறு வெள்ளிக்காசுக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான். அவன் யூதாஸ். தைலத்தின் விலை அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. தைலம் எதற்காக ஊற்றப்பட்டது என்பது மட்டும் தெரியவில்லை.

தீப்பெட்டிப் படத்தைப் பரிமளத் தைலத்தோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கேட்கிறவனுடைய நிலையைத்தான் ஒப்பிடுகிறேன். வெளியே நிற்கிறவனுக்குப் பொருளும் அதன் விலையும் தெரியும்; காரணம் தெரியாது.

பழைய சந்நியாசிகளின் உரையாடல்களைத் தொகுத்த காசியான் என்பவர் ஒரு வரலாற்றைச் சொல்லியிருக்கிறார். சுவிசேஷகரான அர்ச். அருளப்பர் ஒருநாள் ஒரு கவுதாரியைக் கையில் வைத்து வருடிக்கொண்டிருந்தாராம். வேட்டைக்காரன் ஒருவன் அதைப் பார்த்து, இவ்வளவு பேர்பெற்ற மனிதர் ஒரு பறவையோடு பொழுதுபோக்குவதா என்று ஆச்சரியப்பட்டான். அர்ச்சியசிஷ்டவர், “உன் வில்லை ஏன் எப்போதும் நாணேற்றியபடி வைத்திருப்பதில்லை?” என்று கேட்டார். வைத்திருந்தால் வில் வலுவிழந்து போகுமே என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். வேட்டைக்காரன் கெட்டவனல்லன். அவன் கண்டது பொய்யுமல்ல. ஆனால் கண்டது பாதிதான்.

தாவீது இராஜா உடன்படிக்கைப் பேழைக்கு முன்பாக ஆடிக்கொண்டு வந்தபோது அவருடைய மனைவி மிக்கோல் பலகணி வழியாகப் பார்த்து, மனத்துக்குள் அவரை இகழ்ந்தாள். பலகணி சின்னது. அதன் வழியாக ஆடுகிறவன் தெரிந்தான். பேழையின் மகிமை அவளுக்குத் தெரியவில்லை. நாம் ஒவ்வொருவரும் பிறனைப் பார்ப்பது இப்படிப்பட்ட ஒரு பலகணி வழியாகத்தான்.

உள்ளே இருப்பது என்ன என்பதற்கு அந்தத் தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். இப்போது ஒரு பெட்டிக்கு இரண்டு ரூபாய். 2021 டிசம்பர் வரை ஒரு ரூபாய்தான். இவ்வளவு மலிந்த பொருள் நம் வீட்டில் வேறு எது? ஆனால் உரசிப் பற்றவைக்கும் குச்சியை இங்கிலாந்தில் ஸ்டாக்டன் ஊரில் ஜான் வாக்கர் என்னும் மருந்து வியாபாரி விற்கத் தொடங்கியது 1827-இல். அதற்குமுன் மனிதர் எத்தனையோ ஆயிரம் வருஷம் சக்கிமுக்கிக் கல்லையும் அடுப்பில் மூடிவைத்த நெருப்பையும் நம்பி வாழ்ந்தார்கள். பிறகு குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அதன் ஆவியை மூச்சில் வாங்கிய தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப்போயிற்று. 1888-இல் லண்டன் நகரில் தீப்பெட்டித் தொழிலாளிகளான பெண்களும் சிறுமிகளும் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்காகப் பேனா பிடித்தவர், பின்னாளில் நம் அடையாற்றில் வந்து தங்கிய அன்னி பெசன்ட். 1891-இல் இரட்சணிய சேனையார் அந்த விஷமில்லாத தீக்குச்சி செய்ய அந்நகரிலேயே ஓர் ஆலை திறந்தார்கள். 1906-இல் பெர்ன் நகரில் பல தேசங்கள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்க உடன்படிக்கை செய்தன.

நம் பக்கத்துக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த கரிசல் சீமையில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. கட்டை அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், படம் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் கை வேலை. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பையும் அது விழுங்கிற்று. சிவகாசிச் சிறுவர்களைப்பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. கிளி, தாமரை, மான், கப்பல் என்று பளபளக்கும் சிறு படத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. தெருவில் அதை மிதித்துப் போகிறவன் புத்திசாலி என்றும், குனிந்து எடுக்கிறவன் பைத்தியம் என்றும் எப்படித் தீர்மானித்தோம்?

இப்படிச் சேர்ப்பவருக்கு மேல்நாட்டில் ஒரு பெயர் உண்டு. கிரேக்கத்தில் அன்பைக் குறிக்கும் சொல்லையும், லத்தீனில் ஒளியைக் குறிக்கும் “லூமென்” என்ற சொல்லையும் கூட்டி அந்தப் பெயரைச் செய்தார்கள். ஒளியை நேசிப்பவர் என்று பொருள். நாமோ குச்சியில்லாத் தாத்தா என்றோம்.

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பழைய புத்தகங்களோடு, நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று பிறர் எறியும் காகிதங்களையும் சேர்த்தார். அவர் 1992-இல் காலமானார். அவருடைய சேகரத்தைச் சிக்காகோ சர்வகலாசாலையார் வாங்கினார்கள். அதைக்கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. இன்று தமிழைப்பற்றி ஆராய்கிறவர்கள் அங்கே போய் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். பின்னால் பிரயோசனப்பட்டதால்தான் ஒருவருடைய ஆசைக்கு மதிப்பு என்று நான் சொல்லவில்லை. நோட்டு நூலகமானாலும் சரி, மண்ணோடு மண்ணானாலும் சரி, அதை வைத்திருந்த மனிதன் சர்வேசுரனுடைய சாயல். மரியாதை அவனுக்கு உரியது.

கிறிஸ்தவர்களாகிய நாமே வெளியாருக்கு எப்படித் தோன்றுகிறோம் என்று நினைத்ததுண்டா? உங்கள் செபப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் நன்மை வாங்கிய நாளில் கொடுத்த படம், காலமான தகப்பனாருடைய ஞாபகப்படம், எந்தக் குருவோ பட்டம் பெற்ற நாளில் தந்த படம் என்று புத்தகமே தடித்துப் போயிருக்கும். சுவரில் மாட்டிய திருஇருதயப் படத்துக்குப் பின்னால் போன குருத்து ஞாயிற்றின் காய்ந்த ஓலை. அலமாரியில் வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி. பெட்டிக்குள் பாட்டியின் மணி உதிர்ந்த செபமாலை. பிற மதத்து அயலார் ஒருவர் இவற்றைக் கண்டு, காய்ந்த ஓலையை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று சிரித்தால் நம் மனம் எப்படி இருக்கும்? மந்திரிக்கப்பட்ட பொருள் வேறு, தீப்பெட்டிப் படம் வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் சிரிக்கிறவனுடைய அறியாமை இரண்டிடத்திலும் ஒன்றேதான்.

இன்னும் ஒன்று. தீப்பெட்டி சேர்க்கிறவனைக் கண்டு சிரிக்கிற நாம், பூமியை வாங்கி வாங்கிச் சேர்க்கிறவனைக் கண்டு சிரிக்கிறோமா? உடுத்தாத பட்டுப் புடவையும் பூணாத நகையும் பெட்டி நிறைய வைத்திருப்பவளைக் கண்டு சிரிக்கிறோமா? எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிறோம். நம் ஆண்டவருடைய உவமையில் விளைச்சல் மிகுந்து, பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட எண்ணிய செல்வனை ஊரார் யாரும் பரிகசித்ததாகச் சொல்லப்படவில்லை. அவனை மதிகேடன் என்று அழைத்தவர் சர்வேசுரன் ஒருவரே. ஆகவே நம் சிரிப்பு பற்றுதலைக் கண்டு எழுகிற சிரிப்பல்ல. மலிவைக் கண்டு எழுகிற சிரிப்பு. விலையுயர்ந்த பைத்தியத்தை நாம் பைத்தியமென்று சொல்வதில்லை.

ஆனாலும் சேர்க்கிறவர்களும் தங்களைச் சோதித்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் பக்கம் பேசுகிறேன் என்பதால் அவர்களுக்கு எல்லாம் அனுமதி என்று எண்ணவேண்டாம்.

முதலாவது, கடமை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் மனைவியின் மருந்துச் செலவையும் தள்ளிவைத்துவிட்டு ஒரு பழைய காசை வாங்கினால், அந்தக் காசு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இரண்டாவது, நீதி. அறியாத விதவையிடம் அவள் பாட்டன் வீட்டு வெண்கல விளக்கைப் பழைய பித்தளை விலைக்கு வாங்கிவந்து, வீட்டில் வைத்துப் பெருமையடிப்பது சேகரமல்ல, ஏமாற்று. மூன்றாவது, பொறாமை. அடுத்தவனிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்று இராத்தூக்கம் கெடுகிறவன் பொருளைச் சேர்க்கவில்லை; பொருள் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. நான்காவது, மனிதர். ஒரு குழந்தை ஆசையாய்த் தொட்டால் சீறி விழுகிறீர்களா, அல்லது பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுகிறீர்களா? இந்த ஒரு கேள்வியே போதும். நல்ல ஆசை கையைத் திறக்கும். கெட்ட ஆசை கையை மூடும்.

இந்த நான்கிலும் குற்றமற்றவரை வெறும் விநோதப் பிராணியாகப் பார்க்க நமக்கு உரிமையில்லை. அப்பம் பலுகிய அற்புதத்துக்குப் பிறகு, மீந்துபோன துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவரே. ஐயாயிரம் பேருக்கு அப்பம் உண்டாக்க வல்லவருக்குத் துண்டு எதற்கு? ஆனாலும் அப்போஸ்தலர்கள் குனிந்து பொறுக்கினார்கள். பன்னிரண்டு கூடை நிறைந்தது. தூரத்தில் நின்று பார்த்த ஒருவன் அதைக் கண்டும் சிரித்திருக்கக்கூடும்.

இனி அந்தப் பெரியவரிடம் திரும்புவோம்.

அசனம் நடந்து இரண்டு ஆண்டுக்குப் பின் அவர் படுக்கையில் விழுந்தார். அவஸ்தைப்பூசுதல் கொடுக்க நான் போனேன். (இங்கே நான் சொல்லப்போவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. எல்லாம் முடிந்தபின் சாதாரணமாய்ப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது.) கட்டிலுக்கடியில் என் கால் பட்டு ஒரு பெட்டி நகர்ந்தது. அதில் ஏழு நோட்டுகள். எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் கிடைத்த நாளும் இடமும் பென்சிலால் எழுதியிருந்தது. “எப்போது முதல் ஐயா இதைச் சேர்க்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவரிடம் நான் அதைப்பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“எங்க ஊரு கோவில்பட்டிப் பக்கம், சாமி. அம்மா ராத்திரியில அரிக்கேன் வெளக்கு வச்சுப் பெட்டிக்குப் படம் ஒட்டுவாங்க. ஒரு குரோசுக்கு இவ்வளவுன்னு கூலி. குடுத்து விடுற படத்துக்கெல்லாம் எண்ணிக்கை உண்டு. கொறஞ்சா கூலியில பிடிச்சுருவாங்க. நான் சின்னப் பையன். ஒரு கிளிப்படம் வேணும்னு அழுதேன். அம்மாவால குடுக்க முடியல. அவுங்களும் அழுதாங்க.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவரே தொடர்ந்தார். “அவுங்க எத்தனை ஆயிரம் ஒட்டிருப்பாங்க! எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குப் போட்டோ கூடக் கெடயாது, சாமி. அதான் கீழ கெடந்தா மிதிக்க மனசு வரல. இப்ப வர்ற பெட்டியில அம்மா கை இல்லதான். வேற யாரோ ஒரு அம்மா கை இருக்குமில்ல?”

அசனத்தன்று நான் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நானுந்தான சிரிச்சேன், சாமி” என்றார்.

“பிள்ளைகளுக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன்.

“சொல்லல. சிரிப்பாங்க.”

அவர் அதன்பின் சில வாரம் உயிரோடிருந்தார். அதற்குள் எனக்கு வேறு பங்குக்கு மாற்றல் ஆயிற்று. அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு நான் சொல்லியிருக்கலாம். மூட்டை கட்டும் அவசரத்தில் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். முப்பதாம் நாள் பூசைக்குத்தான் போக முடிந்தது. பூசைக்குப்பின் நோட்டுகளைப்பற்றி மூத்த மகனிடம் விசாரித்தேன். “வீட்டைச் சுத்தம் பண்றப்ப பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுட்டோம், சாமி. ஏன், அதுல ஏதும் முக்கியமா இருந்துச்சா?” என்றார் அவர்.

அவர் நல்ல மகன். தகப்பனாரைக் கடைசிவரை தோளில் தாங்கியவர். பாட்டி படம் ஒட்டிய கதை அவருக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், சிரிப்பார்களென்று ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டதுதான். அந்த வாயை மூடியதில் என் பங்கும் உண்டு. கோவில் முற்றத்தில் சாமியாரே சிரித்த விஷயத்தை வீட்டுத் திண்ணையில் யார் மதிப்பார்கள்? அன்று மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. நோட்டு திரும்பவில்லை, கதை மட்டும் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பிற்று.

சர்வேசுரன் என் பாவத்தை மன்னித்தாரென்று விசுவசிக்கிறேன். ஆனால் மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் பரிகாரம் செய்யவேண்டும் என்பது திருச்சபையின் போதகம். இந்தக் கட்டுரை அந்தப் பரிகாரத்தில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, இவ்வளவுக்கும் பின் உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியந்தான். உங்கள் வீட்டில் அல்லது தெருவில் இப்படி எதையாவது சேர்க்கிறவர் ஒருவர் இருப்பார். தாத்தாவாக இருக்கலாம், பள்ளிக்கூடம் போகிற மகனாக இருக்கலாம். இந்த வாரத்தில் ஒருநாள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வைத்திருப்பதில் ஒன்றைக் காட்டி, “இது எங்கே கிடைத்தது?” என்று கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். பெரிய கதை ஒன்றும் வராமல் போகலாம். “அழகாயிருந்தது, எடுத்தேன்” என்று மட்டும் சொன்னாலும் போதும். அழகை நேசிக்கக் காரணம் காட்டவேண்டும் என்று கட்டளை இல்லை. பெற்றோர்களே, பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் பெட்டியைக் குப்பையில் கொட்டாதீர்கள். பிள்ளைகளே, பெரியவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். யாராவது வைத்தால், அவர் சாமியாராகவே இருந்தாலும், கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

பாஸ்கு இரவில் கோவில் விளக்கெல்லாம் அணைந்து, பங்கு முழுவதும் முற்றத்தில் இருட்டில் நிற்கும்போது, உபதேசியார் ஒரு தீக்குச்சியை உரசுகிறார். புது நெருப்பு அதிலிருந்துதான் எழும்புகிறது. பாஸ்குத் திரியும் நம் ஒவ்வொருவர் கையிலுள்ள மெழுகுதிரியும் அதிலிருந்துதான் எரிகின்றன. பற்றவைத்தபின் அந்தப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு நான் பார்த்தேன். காலியானதும் எனக்குத் தரும்படி உபதேசியாரிடம் கேட்டு வாங்கி, என் மேசையில் வைத்திருக்கிறேன். அறைக்கு வருகிறவர்கள் சிலர் அதைக் கண்டு சிரிக்கிறார்கள். “இது எங்கே கிடைத்தது, சாமி?” என்று கேட்டால் சொல்லக் காத்திருக்கிறேன்.

உங்கள் பங்குக் குரு